வீடுகளை அரிக்கும் கறையான் வகைகள்

கறையான், மரத்தையும் புல்லையும் சருகையும் தின்று கூட்டமாக வாழும் பூச்சி. செல், சிதல், செதல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். உலகில் ஏறத்தாழ 3,000 இனங்களும் இந்தியாவில் 300 அளவிலும் அறியப்பட்டுள்ளன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை காட்டிலும் கரம்பிலும் விழுந்த மரத்தை மக்கவைத்து, மண்ணைப் புரட்டி, அதில் காற்றும் நீரும் இறங்க வழிசெய்து வாழ்பவை. மனிதர் வீட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. உலகம் முழுவதும் சேர்த்தே கட்டடங்களில் சேதம் செய்யும் இனங்கள் இருநூறைத் தொடுவதில்லை. பெருஞ்சேதம் செய்பவை அதிலும் பாதிக்குக் குறைவு.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளில் திரும்பத் திரும்பப் பிடிபடுபவை சில பேரினங்களே. ஓடோன்டோடெர்மஸ், மைக்ரோடெர்மஸ், காப்டோடெர்மஸ், ஹெட்டெரோடெர்மஸ் ஆகியவை மண்ணிலிருந்து ஏறி வருகின்றன. கிரிப்டோடெர்மஸ் மண்ணையே தொடாமல் மரத்துக்குள் குடியிருக்கிறது. இவற்றின் வாழ்க்கை முறை வேறு வேறு. ஆகவே ஒன்றுக்குப் பலிக்கும் மருந்து மற்றொன்றுக்குப் பலிப்பதில்லை. கதவு நிலையில் மண் தெரிந்தவுடன் கடைக்கு ஓடி மருந்து வாங்கி மேலாக அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே இடத்தில் மண்ணைப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வந்திருப்பது எந்த வகை, எந்த வழியாக வந்தது என்ற இரண்டையும் அறியாமல் அடிக்கும் மருந்து பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

பூச்சியும் அதன் கூட்டமும்

வெள்ளெறும்பு என்ற பெயர் இருந்தாலும் கறையானுக்கும் எறும்புக்கும் உறவில்லை. எறும்பு குளவியின் சுற்றம். கறையான் கரப்பான் பூச்சியின் சுற்றம். நெடுங்காலம் கறையான்களைத் தனி வரிசையாகவே வகைப்படுத்தி வந்தார்கள். 2007-இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின், அவை கரப்பான் வரிசைக்குள் அடங்கும் ஒரு கிளை என்பது பரவலாக ஏற்கப்பட்டது. மரம் தின்று குடும்பமாக வாழும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான் இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு. எறும்பில் முட்டைக்குப் பின் புழு, கூட்டுப்புழு என்ற நிலைகள் உண்டு. கறையானில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சிறிய கறையானாகவே இருந்து, தோலுரித்துத் தோலுரித்து வளர்கிறது. இந்தத் தோலுரிப்பு பின்னர் வரும் ஒரு சிகிச்சை முறைக்கு அடிப்படை.

ஒரு கூட்டத்தில் ராணியும் அரசனும் சேர்ந்தே வாழ்கிறார்கள். ஆண் எறும்பு இணைசேர்ந்ததும் இறந்துவிடும். கறையான் அரசன் ஆண்டுக்கணக்கில் ராணியுடன் இருக்கும். வேலைக்காரக் கறையான்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கண் தெரியாத, மென்மையான, வெளிர் நிற உடல் கொண்ட இவைதான் மரத்தை அரிப்பவை. கூடு கட்டுவதும், குஞ்சுகளுக்கும் ராணிக்கும் சிப்பாய்களுக்கும் ஊட்டுவதும் இவையே. சிப்பாய்களுக்குத் தலையும் தாடையும் பெரிதாக வளர்ந்திருக்கும். அந்தத் தாடையால் தாமாக மரத்தைத் தின்ன இயலாது. இனத்தை அடையாளம் காணும் வல்லுநர்கள் முதலில் தேடுவது சிப்பாயைத்தான். வேலைக்காரர்கள் எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவார்கள்.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசல், கறையான் கூட்டத்தின் இறக்கை முளைத்த இளம் அரசர்களும் ராணிகளுமே. தரையில் இறங்கியதும் இறக்கையை உதிர்த்துவிட்டு இணையாக ஊர்ந்து சென்று, ஈரமான விரிசலோ மரப்பொந்தோ கிடைத்தால் புதுக் குடும்பம் தொடங்கும். பல்லி, தவளை, காகம், கோழி, எறும்பு எல்லாவற்றுக்கும் தப்பி நிலைப்பவை மிகச் சில. அப்படி நிலைத்த கூட்டம் அடுத்த ஈசலை அனுப்பும் அளவுக்கு வளரச் சில ஆண்டுகள் ஆகும். எனவே தெருவிளக்கில் ஈசல் மொய்ப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அடைத்துக் கிடந்த அறைக்குள், ஜன்னல் ஓரத்தில் உதிர்ந்த இறக்கைகள் குவிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூட்டம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. இறக்கை முளைத்த எறும்பும் இதே காலத்தில் பறக்கும். இடை குறுகி, உணர்கொம்பு முழங்கையாக மடங்கி, முன்னிறக்கை பின்னிறக்கையைவிட நீண்டிருந்தால் அது எறும்பு. இடையே இல்லாமல், உணர்கொம்பு நேராக, நான்கு இறக்கையும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல்.

புற்றுக் கறையான்: ஓடோன்டோடெர்மஸ்

தமிழகக் கிராமத்தில் புற்று என்றால் பெரும்பாலும் இந்தப் பேரினத்தின் வேலைதான். ஓடோன்டோடெர்மஸ் ஒபேசஸ், ஓடோன்டோடெர்மஸ் ரெடிமானி என்னும் இரண்டும் தரைக்கு மேல் உயர்ந்த புற்றுக் கட்டுபவை. வேறு பல இனங்கள் புற்றே தெரியாமல் தரைக்கடியில் வாழ்கின்றன. வீட்டுச் சுவரில் செம்மண் பூச்சாகப் படர்ந்து, மரத்தின் மேல்தோலை மண்ணால் போர்த்தி அதற்கடியில் அரித்துத் தின்பது இவற்றின் பழக்கம். மண் அதிகமாகவும் சேதம் மேலாகவும் தெரிந்தால் இந்த வகையை முதலில் சந்தேகிக்கலாம். கூரை வேய்ந்த ஓலை, பந்தல் கால், வேலிக் கம்பு, தென்னங்கன்று, கரும்புக் கரணை என்று வீட்டுக்கு வெளியிலும் இவை கைவைக்கும்.

இவை மரத்தை நேரடியாகச் செரிப்பதில்லை. அரைகுறையாகச் செரித்த மரத்தூளைப் புற்றுக்குள் மடிப்பு மடிப்பான அடைகளாக அடுக்கி, அதில் டெர்மிடோமைசஸ் என்னும் காளானை வளர்க்கின்றன. காளான் மரத்தின் கடினப் பொருள்களை உடைத்து மென்மையாக்கியதும், அந்த அடையையும் அதில் முளைக்கும் வெண்மணிகளையும் தின்கின்றன. மழைக்குப் பின் புற்றோரத்தில் முளைக்கும், நாம் பறித்துச் சமைக்கும் புற்றுக்காளான் இந்த வேளாண்மையின் வெளிப்பக்கம்.

இதை உலகுக்கு எழுதிச் சொன்ன முதல் மனிதர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தவர் என்பது நாம் அதிகம் பேசாத செய்தி. தாவரவியலாளர் லின்னேயசிடம் பயின்ற யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தார். தஞ்சைப் பகுதியின் கறையான்களைப் பற்றி அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியானது. புற்றுக்குள் காளான் வளர்வதை அதில் குறித்திருக்கிறார். ஈசல் பிடிக்கும் முறையையும் விவரித்திருக்கிறார்: புற்றின் காற்று வரும் பக்கம் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை, காற்றுப் பக்கம் புகை மூட்டி, எதிர்த் துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயை வைப்பார்களாம். புகைக்கு ஈசலோடு நல்ல பாம்பும் பானைக்குள் வந்துவிடும் என்பதால் எச்சரிக்கையாக எடுக்க வேண்டியிருந்ததாம். அவர் பெயரே பின்னாளில் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் கோனிகி என்று சேர்ந்தது. இலங்கையில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய தாமஸ் பெட்ச், 1906-இல் இந்தக் காளான் அடைகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். டெர்மிடோமைசஸ் என்ற பெயரைப் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஏம் 1942-இல் இட்டார்.

புற்றின் கட்டுமானமும் அதே அளவு வியப்புக்குரியது. ஆய்வாளர் எல். மகாதேவன் குழுவினர் பெங்களூரில் ஓடோன்டோடெர்மஸ் ஒபேசஸ் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை அளந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பகலில் புற்றின் வெளிப்புறத் தூண்கள் நடுப்பகுதியைவிட விரைவில் சூடாகின்றன. அவற்றில் காற்று மேலேறி நடுவில் கீழிறங்குகிறது. இரவில் வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இந்த ஓட்டம் தலைகீழாகிறது. உள்ளே சேரும் கரியமில வாயு இந்தப் பகல் இரவு மாற்றத்தாலேயே வெளியேறுகிறது. காற்றடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. திருவாரூரிலும் திருவொற்றியூரிலும் மூலவராகப் புற்றை வணங்கும் சமூகம், அதைக் கட்டும் உயிரையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்தின் கோடியில் புற்று இருப்பதாலேயே வீட்டுக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. சுவரை ஒட்டியோ அடித்தளத்தின் மேலோ எழும் புற்றைத்தான் அகற்ற வேண்டும். மேலே தெரியும் மண்மேட்டை மட்டும் இடிப்பதால் பயனில்லை. தரைமட்டத்தில் அல்லது அதற்குக் கீழே, கெட்டியான மண் அறைக்குள் அரசனும் விரல் பருமனுக்கு வயிறு பெருத்த ராணியும் இருக்கும். அந்த அறை எஞ்சினால் சில வாரங்களில் புற்று மீண்டும் எழும்.

மைக்ரோடெர்மஸ் ஒபேசி என்பது இதே காளான் வளர்க்கும் குடும்பத்தின் சிறிய உறுப்பினர். வயலில் கோதுமை, கரும்பு, நிலக்கடலைக்குத் தொல்லை தருவது. வீட்டில் பெரும்பாலும் மற்ற இனங்களின் பின்னால் வரும்.

சுவருக்குள்ளேயே கூடு வைப்பது: காப்டோடெர்மஸ்

வீட்டு மரத்துக்கு உண்மையான பேராபத்து இந்தப் பேரினம்தான் என்பது என் கருத்து. ஓடோன்டோடெர்மஸ் மண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். காப்டோடெர்மஸ் மரத்தின் உள்ளே புகுந்து, வெளித்தோலையும் வர்ணப்பூச்சையும் விட்டுவிட்டு நடுவை முழுக்கத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் நிலை நன்றாகவே இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். இந்தியாவில் காப்டோடெர்மஸ் ஹைமி பரவலாகக் காணப்படுகிறது. காப்டோடெர்மஸ் சிலோனிகஸ் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உண்டு. அதற்கு 1911-இல் அந்தப் பெயரிட்டவர் சுவீடன் அறிஞர் நில்ஸ் ஹோம்கிரென்.

இதன் சிப்பாயைத் தொட்டால் நெற்றியிலுள்ள துளையிலிருந்து பால் போன்ற வெள்ளை நீர் சுரக்கும். அரித்த இடத்தை உடைத்துப் பார்க்கும்போது இந்த வெள்ளைத் துளி தெரிந்தால் காப்டோடெர்மஸ் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மற்றோர் அடையாளம், மரத்தூளும் எச்சிலும் கழிவும் மண்ணும் கலந்து இது கட்டும் பழுப்பு நிறக் கூடு. சுவர் இடைவெளியிலும், மூடிய குழாய்த் தடத்திலும், பொய்க்கூரைக்கு மேலும் இக்கூடு உருவாகும். இடைவிடாத ஈரக்கசிவு மேல்மாடியில் இருந்துவிட்டால் மண் தொடர்பே இல்லாமலும் கூட்டம் நிலைக்கும். ஆறாவது மாடியில் கறையான் எப்படி என்று கேட்பவர்கள் குளியலறைக் குழாயையும் குளிரூட்டியின் நீர் வடியும் குழாயையும் பார்க்க வேண்டும்.

இதே பேரினத்தின் இரண்டு இனங்கள் உலக அளவில் பெயர் கெட்டவை. காப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராய் தென்கிழக்கு ஆசியாவுக்குரியது. பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் நகர வீடுகளில் கறையான் சேதத்தின் பெரும்பகுதி இதனால் வருவது. தென் சீனத்தைச் சேர்ந்த காப்டோடெர்மஸ் ஃபார்மோசானஸ், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பசிபிக்கிலிருந்து திரும்பிய ராணுவச் சரக்கு மரப்பெட்டிகளோடு அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போனதாகக் கருதப்படுகிறது. 1965-இல் ஹூஸ்டனிலும் மறு ஆண்டு நியூ ஆர்லியன்சிலும் கண்டறியப்பட்டது. ஒரு கூட்டத்தில் பல லட்சம் கறையான்கள். உணவு தேடி 100 மீட்டர் தொலைவு வரை சுரங்கம் போகும். நியூ ஆர்லியன்சின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பைக் காப்பாற்ற அமெரிக்க வேளாண்துறை 1998-இல் தனித் திட்டமே தொடங்க நேர்ந்தது.

ஓர் ஊரையே அரித்தது: ஹெட்டெரோடெர்மஸ்

ஹெட்டெரோடெர்மஸ் இண்டிகோலா வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வீடுகளின் முதல் எதிரி. மெலிந்த, நீண்ட தலையுடைய சிப்பாய்கள். சுவரிலும் கூரையிலும் மெல்லிய மண் குழாய்கள். கூரையிலிருந்து தொங்கும் குழாய்களும் உண்டு. பஞ்சாபில் பியாஸ் ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீ ஹர்கோபிந்த்பூர் என்ற சிற்றூரில் இது வீடு வீடாகப் பரவி ஊரையே குலைத்ததை, இந்தியக் கறையான் ஆய்வின் முன்னோடியான எம்.எல். ரூன்வால் 1955-இல் பதிவுசெய்தார். ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் கறையானுக்கு வீட்டு எல்லை கிடையாது. தெருவில் ஒருவர் மட்டும் மருந்து அடித்து, பக்கத்து வீடு சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் சான்று.

மண்ணைத் தொடாதது: உலர்மரக் கறையான்

கிரிப்டோடெர்மஸ் பேரினம் மேலே சொன்ன எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. இதற்கு மண் வேண்டாம், தனியாகத் தண்ணீரும் வேண்டாம். காய்ந்த மரத்திலுள்ள சிறிதளவு ஈரமே போதும். நாற்காலிக்கால், கட்டில் சட்டம், படச்சட்டம், மாடியில் கிடக்கும் உத்தரம் என எதற்குள்ளும் ஈசல் இணை ஒன்று புகுந்து குடும்பத்தைத் தொடங்கும். கூட்டம் சிறியது, பல ஆண்டுகள் வளர்ந்தாலும் சில ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. சேதமும் மெதுவாகவே நடக்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று இதற்கு உகந்தது. கிரிப்டோடெர்மஸ் டொமெஸ்டிகஸ், கிரிப்டோடெர்மஸ் டட்லேயி என்ற இரண்டும் வெப்பமண்டலத் துறைமுகங்கள் தோறும் மரச்சாமான்களோடு பயணித்துப் பரவியவை. சிப்பாயின் தலை முன்பக்கம் வெட்டிவிட்டாற்போல் மட்டமாகவும் கருப்பாகவும் இருக்கும். எதிரி வந்தால் அந்தத் தலையாலேயே துளையை அடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மண் குழாயைத் தேடிப் பயனில்லை. மரச்சாமானுக்கு அடியில் கசகசா போன்ற மணிமணியான எச்சம் குவிந்திருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டைகள் தெரியும். மாவாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது கறையான் இல்லை, மரத்தை உளுக்கவைக்கும் வண்டு. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிப் பேர் தேவையில்லாத செலவிலிருந்து தப்பலாம். உலர்மரக் கறையானுக்காகத் தரையைத் துளைத்து மருந்து ஊற்றுவது முழுக்க வீண்.

இதே குடும்பத்தின் வேறு இரு இனங்கள் இலங்கைத் தேயிலையில் உயிருள்ள செடியின் தண்டையே குடைகின்றன: தாழ்நிலத் தோட்டங்களில் கிளிப்டோடெர்மஸ் டைலேடேட்டஸ், மலைநாட்டில் போஸ்டெலக்ட்ரோடெர்மஸ் மிலிடாரிஸ். தேயிலைத் தொழிலாளர்கள் செடியை வெட்டிக் கவாத்து செய்த புண்ணில் வாய் திறந்திருந்தால், ஈசல் அதன் வழியே நுழைகிறது.

எந்த மரம், எந்த ஏடு

கறையான் தின்னாத மரம் என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தின்னத் தயங்கும் மரங்கள் உண்டு. தேக்கின் வைரப்பகுதியில் டெக்டோகுயினோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது கறையானை விரட்டுகிறது. ஆனால் அதே தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதியை அவை விரும்பித் தின்னும். தேக்கு என்று விலை கொடுத்து வாங்கிய நிலையில் ஓரத்தில் மட்டும் அரித்திருப்பதற்கு இதுவே காரணம். மரக்கடையில் வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று பார்த்து வாங்க வேண்டும். முற்றிய பனையின் கருத்த வைரம் நூறாண்டு வீடுகளில் கைமரமாக இன்றும் நிற்கிறது. மா, இலவம், ரப்பர் மரம், மலிவான பிளைவுட், அட்டைப் பலகை ஆகியவை எளிதில் இரையாகும்.

மருந்தூட்டிய மரத்தின் வரலாற்றில் ஓர் இந்தியப் பெயர் முன்னிற்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோன்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மரப்பாதுகாப்புக் கரைசலை உருவாக்கினார். மின்கம்பங்களுக்கும் ரயில் பாதைக் கட்டைகளுக்கும் உலகெங்கும் அது பயன்பட்டது. ஆர்சனிக் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 2003-க்குப் பின் குடியிருப்புகளுக்கான பெரும்பாலான பயன்பாடு நின்றது. வீட்டு உள்மரத்துக்கு இன்று போரிக் அமிலமும் போராக்சும் சேர்ந்த கரைசலே ஏற்றது. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் மழை படும் இடத்துக்கு அது உதவாது. தார், வேப்பெண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய் என்று நம் தச்சர்கள் பூசிவந்தவை மேற்பரப்பைக் காத்தன. பூச்சு காய்ந்து வெடித்த இடத்தில் கறையான் நுழையும். மறுபூச்சு தவறாமல் செய்தவர்களுக்கே அவை பலனளித்தன.

மரத்தைவிடப் பெரிய இழப்பு ஏட்டில் நேர்ந்தது. தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாகவும், எஞ்சியவற்றையே சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதாகவும் திருமுறை வரலாறு சொல்கிறது. சுவடி தேடி ஊர் ஊராக நடந்த உ.வே. சாமிநாதையரின் காலத்திலும் செல்லரித்த கட்டுகள் பல வீடுகளில் கிடந்தன. பழைய புத்தகம், சொத்துப் பத்திரம், குடும்ப நிழற்படம் எதையும் சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே பின்பக்கமாக ஏறும் மண் குழாய் கண்ணில் படும்.

கண்டறிதல்

மண்ணிலிருந்து வருபவை வெளிச்சத்தையும் வறண்ட காற்றையும் தாங்கமாட்டா; அதனால் மண் குழாய் கட்டி அதற்குள் நடக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் விரிசலே அவற்றுக்கு வாசல். தரையும் சுவரும் சேரும் மூலை, நிலைக்கதவின் அடி, மாடிப்படிக்குக் கீழே, மின் இணைப்புக் குழாய் சுவருக்குள் போகும் இடம், சமையலறைக் கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள பெட்டி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மரத்தை விரல் கணுவால் தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடத்தில் திருப்புளி முனையை அழுத்திப் பார்க்கலாம். தட்டியதும் உள்ளிருந்து சரசரவென்று ஒலி வந்தால், சில வகைகளின் சிப்பாய்கள் தலையால் மரத்தை மோதி எச்சரிக்கை தருகின்றன என்று பொருள்.

குழாயைக் கண்டதும் முழுவதையும் துடைத்துவிடக் கூடாது. நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அடைக்காவிட்டால் அந்த வழியை விட்டிருக்கிறது. வீட்டையே விட்டது என்று நம்பக் கூடாது. சிப்பாய்கள் சிலவற்றைப் பஞ்சில் எடுத்து எரிசாராயத்தில் போட்டு வைத்தால், வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் இனத்தைச் சொல்ல முடியும்.

தடுப்பும் சிகிச்சையும்

வீடு கட்டும்போது செய்வதற்கு ஈடு பின்னால் எதுவுமில்லை. இந்தியத் தரநிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6313 மூன்று பகுதிகளாக இதை வரையறுக்கிறது: கட்டுமான ஏற்பாடுகள், கட்டும்போது மருந்திடல், கட்டி முடித்த வீட்டுக்கு மருந்திடல். அடித்தளக் குழியின் தரைக்கும், பேஸ்மட்டம் நிரப்பிய மண்ணின் மேற்பரப்புக்கும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசலும், அடித்தளச் சுவரை ஒட்டி நிரப்பும் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டரும் ஊற்ற வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் கைத்தெளிப்பானில் கொஞ்சம் தெளித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். மண்ணின் மேல் நனைவது போதாது. மருந்து கலந்த மண்ணடுக்கு இடைவெளியில்லாமல் இருந்தால்தான் தடுப்பு. பேஸ்மட்டத்துக்குள் சென்டரிங் பலகைத் துண்டு, ஆப்புக் கட்டை, சிமென்ட் பை, சாக்கு ஆகியவற்றை விட்டு மூடுவது கறையானுக்கு உணவு வைத்து அழைப்பதற்குச் சமம்.

கட்டிய வீட்டுக்குத் தரையும் சுவரும் சேரும் கோட்டில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு மருந்தை மண் வரை செலுத்துவார்கள். முன்பு ஆல்ட்ரின், டையெல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் பயன்பட்டன. மண்ணில் பல ஆண்டுகள் நின்று, கொழுப்பில் சேர்ந்து, தாய்ப்பால் வரை போகும் நஞ்சுகள் இவை. இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, 2001 ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் இடம்பெற்றவை. அடுத்து வந்த குளோர்பைரிஃபாசை அமெரிக்கா 2000-இலிருந்து வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கத் தொடங்கியது. இப்போது இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில், பைஃபென்த்ரின் புழக்கத்தில் உள்ளன. பைஃபென்த்ரின் கறையானை விரட்டும். மற்ற இரண்டும் விரட்டாமல் மெதுவாகக் கொல்லும். தொட்ட கறையான் கூட்டத்தோடு கலந்து, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது மருந்து பரவுகிறது. கிணறும் ஆழ்துளைக் கிணறும் அருகிலிருந்தால் எந்த மருந்தையும் மண்ணில் ஊற்றுமுன் ஒப்பந்தக்காரரிடம் பெயரும் அளவும் எழுத்தில் வாங்க வேண்டும். குழந்தையும் கர்ப்பிணியும் அந்த நாள்களில் வீட்டில் இருக்கக் கூடாது.

இன்னொரு வழி இரைப்பெட்டி. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சூ உருவாக்கிய முறை 1995-இல் விற்பனைக்கு வந்தது. ஹெக்சாஃப்ளூமுரான் கலந்த செல்லுலோசு இரையைத் தின்ற கறையான் புதுத் தோல் உருவாக்க முடியாமல், அடுத்த தோலுரிப்பில் இறக்கிறது. அதற்குள் இரை கூட்டம் முழுவதற்கும் ஊட்டப்பட்டுவிடும். சில கிராம் மருந்தே செலவாகிறது. மண்ணும் நீரும் கெடுவதில்லை. காப்டோடெர்மசுக்கும் ஹெட்டெரோடெர்மசுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. காளான் வளர்க்கும் ஓடோன்டோடெர்மஸ் இந்த இரையைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் இரைப்பெட்டி வைத்தும் பயனில்லை என்று சொல்பவர்கள், எந்த வகைக்கு வைத்தார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

உலர்மரக் கறையானுக்குச் சாமானைத்தான் கவனிக்க வேண்டும். அரித்த துண்டை அறுத்து மாற்றுவது எளிது. பொந்துக்குள் ஊசியால் போரான் கரைசல் செலுத்தலாம். மரத்தின் நடுப்பகுதி 50 டிகிரி செல்சியசுக்கு மேல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் உள்ளே எதுவும் பிழைக்காது. சித்திரை வெயில் மெல்லிய பலகைக்கு உதவலாம், பருத்த உத்தரத்தின் உள்ளே எட்டாது. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு மரத்துக்கு வைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், பேஸ்மட்டம் மூடும் நாளில் வேறு எந்த வேலையையும் ஒத்திவைத்துவிட்டு அங்கே நில்லுங்கள். பலகைத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கச் சொல்லி, கரைசல் லிட்டர் கணக்கில் இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். குடியிருப்பவர்கள் கோடை மழைக்கு முன் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் நிலைக்கதவுகளின் அடியையும் குழாய்க் கசிவுகளையும் பார்த்து, கசியும் குழாயை முதலில் சரிசெய்யுங்கள்.